ஜெபசீலன் தவறாக வாசிக்கவில்லை

தம்பி,

நீ அனுப்பிய நிகழ்ச்சிக் குறிப்பு வந்து சேர்ந்தது. கண்புரை அறுவைக்குப் பிறகும் சிறிய எழுத்துகள் எனக்குச் சற்று அலைகின்றன. அதனால் கைபேசியில் பெரிதாக்கி ஒரு முறை படித்தேன். பிறகு பிரதி எடுத்து வந்து மேசையில் வைத்து இன்னொரு முறை படித்தேன். மூன்றாவது முறை அகராதியோடு உட்கார்ந்தேன். ஏதாவது ஒரு சொல்லுக்கு நான் நினைத்த பொருள் இல்லாமல் இருக்கக்கூடாதா என்ற ஆசைதான். நான் புரிந்துகொண்டது சரியாகவே இருந்தது.

உன்னுடைய 'சதுப்பு' அடுத்த மாதம் நீ இருக்கும் ஊரில், காற்று வாத்தியங்கள் மட்டுமே கொண்ட பெரிய குழு ஒன்றால் வாசிக்கப்படப்போகிறது. அற்றுப்போன ஒரு வாத்துக்காக நீ இருபத்தொரு வயதில் எழுதிய இசை, பத்தொன்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒலிக்கப்போகிறது. அதற்கு நான் எவ்வளவு மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் உன் குறிப்பின் மூன்றாவது பத்தியில் கண் நின்றுவிட்டது. தாம்பரத்தில் முதல்முறை இதை வாசித்தபோது, சாவு ஊர்வலங்களில் வாசித்துப் பழகிய ஒரு கிளாரினெட்காரர், நீ எழுதியிருந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் தன் இஷ்டத்துக்கு ஊதி, செத்த பறவையை உயிரோடு கொண்டுவந்துவிட்டார் என்றும், கூட்டம் கைதட்டியது என்றும் எழுதியிருக்கிறாய். படிப்பவர்கள் சிரிக்கும்படி எழுதியிருக்கிறாய். பெயர் போடவில்லை. ஆனால் அன்றைக்கு முதலாம் கிளாரினெட் வாசித்தது யார் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். செம்பாக்கம் ஜெபசீலன். உன்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த ஜெபா.

அவன் தன் இஷ்டத்துக்கு ஊதவில்லை. தாளில் இருந்ததை ஊதினான். அந்தத் தாளில் அதை எழுதியவன் நான், உன் அப்பா. அந்தப் பத்தி அச்சுக்குப் போவதற்கு முன் நீ அதை எடுத்துவிட வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன். கேட்பதற்கு எனக்குத் தகுதி உண்டா என்பது வேறு விஷயம். இதன் ஒரு படியை நம் திருச்சபையின் மாத இதழுக்கும் கொடுக்கிறேன். காரணம் பின்னால் வரும். எனக்கு எதையும் வரிசைப்படிதான் சொல்லத் தெரியும்.

என் பழைய பழக்கம் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். நீ மூன்றாம் வகுப்பில் ஒரு காக்கை வரைந்தாய். அதற்கு மூன்று கால்கள். பள்ளியில் விலங்கியல் நடத்தும் ஒருவனுடைய பிள்ளை மூன்று கால் காக்கையைக் கொண்டுபோய் ஆசிரியையிடம் நீட்டுவதா என்று நினைத்தேன். நீ பல் தேய்க்கப் போன நேரத்தில் ஒரு காலை ரப்பரால் அழித்துவிட்டு, தரையின் கோட்டை அந்த இடத்தில் பென்சிலால் சேர்த்துவிட்டேன். படத்துக்கு நட்சத்திரம் கிடைத்தது. மாலையில் நீ அதை உன் அம்மாவிடம் காட்டி அழுதாய். "அது நடக்குற காக்காம்மா. மூணாவது கால் முன்னாடி வச்ச கால். யாரோ அழிச்சிட்டாங்க." அவள் என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் புரட்டினேன். ஆசிரியை அழித்திருப்பார் என்று அவளே உன்னைச் சமாதானம் செய்தாள். பிறகு சமையலறையில் என்னிடம் சொன்னாள்: "கேட்டுட்டு அழிங்க. இல்லன்னா அழிச்சிட்டுச் சொல்லுங்க. ரெண்டுமே இல்லாம இருக்காதீங்க." எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் நான் அதிகம் நினைத்துப் பார்த்ததும் ஒரு நாளும் பின்பற்றாததும் அதுதான். நீயாவது பின்பற்று. பிறர் எழுதியதில் கை வைக்கும் நிலைமை உனக்கும் வரும். உன்னிடம் இசை கற்கும் பிள்ளைகளின் தாள்கள் தினமும் உன் மேசைக்கு வருகின்றன அல்லவா.

அந்த வாத்தை உனக்கு அறிமுகம் செய்ததும் நான்தான். உனக்கு எட்டு வயது இருக்கும். மழை நின்ற ஒரு சனிக்கிழமை செம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போயிருந்தோம். என் பையில் பறவைப் புத்தகம் இருந்தது. கண்ணில் பட்டதை எல்லாம் படத்தோடு ஒப்பிட்டு, பென்சிலால் குறி போட்டுக்கொண்டு வந்தாய். ஒரு படத்துக்கு மட்டும் குறி இல்லை. உடல் கரும்பழுப்பு, தலையும் கழுத்தும் ரோஜா நிறம். இளஞ்சிவப்புத் தலை வாத்து. வடக்கே கங்கைச் சமவெளியின் சதுப்புகளில் இருந்தது, அதன் முட்டை பந்து போல உருண்டையாக இருக்கும், கடைசியாகப் பார்த்தவர்களின் காலம் முடிந்து வெகுநாள் ஆயிற்று என்று சொன்னேன். சிலர் இன்னும் தேடுகிறார்கள் என்பதையும் சொன்னேன், ஏனென்றால் அது உண்மை. நீ நிறத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எப்படிக் கத்தும் என்று கேட்டாய். பழைய வேட்டைக்காரர்கள் ஓரிரு சொற்களில் எழுதிவைத்திருக்கிறார்கள், ஒலிப்பதிவு கிடையாது என்றேன். "அப்ப யாருக்குத் தெரியும்?" என்றாய். யாருக்கும் தெரியாது என்றேன். வீடு வரும்வரை நீ பேசவில்லை. உனக்குப் பசி என்று நினைத்து வழியில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

நம் சபையின் பேண்டைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதழில் படிப்பவர்களில் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். கிளாரினெட், புல்லாங்குழல், சாக்ஸபோன், டிரம்பெட், டிராம்போன், யூபோனியம் என்று பதினாறு பேர் இருந்தோம். நான் இரண்டாம் கிளாரினெட். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அதற்குரிய சுருதிக்கு மாற்றித் தனித்தாள் எழுதுவதும், வாசித்து முடிந்ததும் எல்லாத் தாள்களையும் திரும்ப வாங்கி அடுக்கிவைப்பதும் என் வேலை. ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாசித்தோம் என்றாலும், நாங்கள் அதிகம் வாசித்தது அடக்கங்களுக்குத்தான். அதற்கு எங்கள் மாஸ்டர் ஒரு விதி வைத்திருந்தார். வீட்டு வாசலிலிருந்து குழி வரைக்கும் பேண்டு நிற்கக்கூடாது. ஒருவர் மூச்சு வாங்கினால் பக்கத்தில் இருப்பவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். சத்தம் நின்றால் அழுகை பொங்கிவிடும், பெட்டியைத் தூக்குபவர்களின் கால் தடுமாறும் என்பார். ஆகவே நான் எழுதும் தாள்களில் வெற்றிடம் இருக்காது. ஒருவர் ஓயும் இடத்தில் இன்னொருவருக்கு நாலு சுரமாவது எழுதி வைத்துவிடுவேன். முப்பது ஆண்டுகளில் என் கை அப்படியே பழகிவிட்டது.

உன் 'சதுப்பு' எனக்குப் பென்சிலில் வந்தது. அதைத் தாள் தாளாகப் பிரித்து மையால் எழுதியபோதுதான் எனக்கு அது புரிந்தது. யூபோனியமும் டிராம்போனும் சேறும் தண்ணீரும், சாக்ஸபோன்கள் நாணல், முதல் கிளாரினெட் மட்டும் அந்த வாத்து. அதற்கு நீ கொடுத்தது இரண்டே சுரம், கீழிருந்து மேலே, ஒவ்வொரு முறையும் முன்னைவிட மெல்ல. பிறகு ஒவ்வொரு வாத்தியமாக நின்றுவிடும். கடைசியில் ஒன்பது பார், அதாவது ஒன்பது தாளக்கட்டம், யாருக்கும் எதுவும் இல்லை. நடத்துபவரின் கை மட்டும் அசையும். அதன்பின் சேறு மறுபடி தொடங்கும், வாத்து இல்லாமல். பதினாறு தாள்களிலும் அந்த ஒன்பது பாரை வெறுமையாக எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதினேன். நீ கேட்டதை எழுதித்தான் கொடுத்தேன், முதலில்.

முதல் ஒத்திகையில் ஒன்பது பார் வந்ததும் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டிராம்போன் தனராஜ் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "தம்பி, கரண்ட் போயிடுச்சா?" என்றார். சிரிப்பு அடங்கியதும் நீ பொறுமையாக விளக்கினாய், அந்த இடத்தில் பறவை இல்லை, இல்லாததைத்தான் கேட்க வேண்டும் என்று. "இவ்ளோ நேரம் நான் சும்மா குந்தினு இருந்தா என் பொண்டாட்டி டாக்டரக் கூட்டியாந்துடுவா" என்றார் அவர். நீயும் சிரித்தாய். ஜெபா மட்டும் சிரிக்கவில்லை. பகலெல்லாம் பீரோ பட்டறையில் ஸ்ப்ரே பெயின்ட் அடித்துவிட்டு, நகக்கண்ணில் சாம்பல் நிறத்தோடு வந்து உட்கார்ந்திருப்பான். அந்த ஒன்பது பாரும் கிளாரினெட்டை உதட்டிலிருந்து எடுக்காமல், ஊதாமல், உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு முறைகூட அவன் எண்ணிக்கை பிசகவில்லை. இதை நான் பார்த்தேன். இதை எழுதிவைக்க வேண்டியது என் கடமை.

எனக்கு வேறு கவலை. நிகழ்ச்சி அறுப்பின் பண்டிகை அன்று, காணிக்கையாக வந்த விளைச்சலின் ஏலம் முடிந்த பிறகு, சபை மண்டபத்தில். பூசணிக்காயும் வாழைத்தாரும் ஏலத்தில் எடுத்தவர்கள் மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கோழிகளைக் கால் கட்டி நாற்காலிக்கு அடியில் போட்டிருப்பார்கள். அந்த மௌனத்தில் ஒரு கோழி கத்தும். கட்டாயம் கத்தும். ஊரே சிரிக்கும். இல்லையென்றால் முடிந்துவிட்டதென்று பாதியில் கைதட்டி எழுந்துவிடுவார்கள். நீ அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையை அசைத்தபடி நிற்பாய். அந்தக் காட்சியை நான் பல நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னொன்றும் உண்டு. உன் அம்மா போய் அப்போது இரண்டு ஆண்டு. ஆஸ்பத்திரியில் கடைசிக் காலையில் அவளுடைய ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. நீ அப்போது மருந்து வாங்கப் போயிருந்தாய். உன் ஒன்பது பாரை ஒத்திகையில் எண்ணும்போதெல்லாம் அந்த எண்ணிக்கைதான் எனக்கு வந்தது. இதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ கேட்டிருப்பாய். அதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

பண்டிகை அன்று மதியம், முதல் கிளாரினெட்டின் கடைசித் தாளை மட்டும் புதிதாக எழுதினேன். வெறுமையாக இருந்த இடத்தில் வாத்தின் இரண்டு சுரத்தைத் திரும்பத் திரும்ப எழுதினேன், மெல்லத் தொடங்கி, சற்றே பெரிதாகி, மறுபடி மெல்ல. மாலையில் நீ வாசலில் போதகரை வரவேற்றுக்கொண்டிருந்தபோது மேடைக்குப் பின்னால் ஜெபாவிடம் கொடுத்தேன். தம்பி கடைசி நேரத்தில் மாற்றிவிட்டான், இப்படியே வாசித்துவிடு என்றேன். அவன் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான். "இன்னா சார், நேத்துகூட சொல்லலையே" என்றான். அவனுக்கு இப்போதுதான் தோன்றியது என்றேன். அந்தச் சமயத்தில் எனக்கு நாக்குக் குழறவில்லை என்பதுதான் ஆச்சரியம். ஜெபா ஒரு முறை விரலால் மட்டும் வாசித்துப் பார்த்தான். "நல்லாத்தான் கீது சார். பறவ திரும்பி வந்துடுது" என்றான்.

அவன் அன்று எப்படி வாசித்தான் என்பது உனக்கு நினைவிருக்கும். எல்லா வாத்தியமும் நின்ற பிறகு அந்த இரண்டு சுரம் தனியாக வந்தபோது உன் கை காற்றில் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு தாளம் போட்டது. கோழி எதுவும் கத்தவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தார். முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். உன்னைத் தவிர எல்லாருக்கும் அது பிடித்திருந்தது. நான் உன் முகத்தைப் பார்த்தேன். உன் அம்மாவின் அடக்கத்தன்றுகூட உன் முகம் அப்படி இல்லை. அழிந்துபோன ஒன்றைப் பற்றி நீ எழுதியிருந்தாய். அது அழியவில்லை, இதோ பத்திரமாக இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள் என்று நான் எல்லாரையும் அனுப்பிவைத்திருந்தேன்.

பின்னால் நடைகூடத்தில் நீ ஜெபாவிடம் சொன்னது எனக்குச் சொல் மாறாமல் நினைவிருக்கிறது. "உனக்கு ஒன்பது பார் சும்மா இருக்கத் தெரியாதாடா? எப்படித் தெரியும்? சாவுக்கு ஊதுறவன்தானே நீ." பதினாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஜெபா "இல்லடா, இது..." என்று கையிலிருந்த தாளைத் தூக்கினான். பிறகு என்னைப் பார்த்தான். நான் வழக்கம்போல எல்லாரிடமிருந்தும் தாள்களை வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். அவன் முறை வந்தது. கையை நீட்டினேன். கொடுத்துவிட்டான். மற்றத் தாள்களுக்கு நடுவே அதைச் செருகி, கட்டை நூலால் கட்டினேன். உன் அம்மாவை அடக்கம் செய்த அன்று வாசலிலிருந்து குழிவரை உன் பக்கத்திலேயே நடந்து ஊதியவன் அவன். நீ அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு வாத்தியத்தைப் பிரித்துத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, ஏலத்தில் எடுத்திருந்த ஒரு பரங்கிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு போனான்.

நீ அதன்பின் அவனோடு பேசவில்லை. மறு ஆண்டு வெளிநாடு போனாய். வழியனுப்ப விமான நிலையத்துக்கு அவன் வந்திருந்தான் என்பது உனக்குத் தெரியாது. வெளியே கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டு, என்னிடம்கூடச் சொல்லாமல் போய்விட்டான். நீ உள்ளே போவதற்கு முன் சொல்லிவிடலாம், கடிதத்தில் எழுதிவிடலாம், நீ விடுமுறைக்கு வரும்போது நேரில் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். நீ வந்த ஒவ்வொரு முறையும் நல்ல மனநிலையில் இருந்தாய், அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அல்லது நல்ல மனநிலையில் இல்லை, அதை இன்னும் கெடுக்க மனம் வரவில்லை. கோழைக்கு எந்த நாளும் பொருந்தாத நாள்தான், தம்பி. இதை உனக்குச் சொல்லும் உரிமை எனக்கு நிறையவே இருக்கிறது.

உன் குறிப்பு இணையத்தில் வந்ததை ஜெபாவின் மகள் ரூபி பார்த்திருக்கிறாள். பொத்தேரியில் கல்லூரியில் படிக்கிறாள். உன் இசையை அவளுடைய அப்பா வாசித்திருக்கிறார் என்பது அவளுக்குப் பெருமை. உன் பெயரைத் தேடிப் படிப்பவள். ஜெபா அப்போது ஊரப்பாக்கம் வீட்டில் படுக்கையில் இருந்தான். நுரையீரல் போய்விட்டது. அத்தனை வருஷப் பெயின்ட். ஆக்சிஜன் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துக் கட்டிலருகே வைத்திருந்தார்கள். அவள் அதை அவனுக்குத் தமிழில் சொல்லியிருக்கிறாள். இது நீங்களா என்று கேட்டிருக்கிறாள். ஆமாம், நான்தான் என்று சொல்லியிருக்கிறான்.

மறுநாள் அவள் என்னிடம் வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டாள். "சார், எங்கப்பா பேப்பர்ல இல்லாத ஒரு நோட்டுகூட வாசிக்க மாட்டாரு. வீட்ல சும்மா ஊதினாகூட எதிர்ல புக்கு இருக்கணும். அன்னைக்கு மட்டும் எப்டி சார்?" என் பின்னால் அலமாரியில், மூன்றாவது தட்டில், அந்தத் தாள் கட்டு இருந்தது. நான் எழுந்து நாலடி நடந்திருந்தால் போதும். "ரொம்ப நாளாச்சும்மா. எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன். அவள் பரவாயில்லை சார் என்று எழுந்தாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, அப்பாவை ஒரு தடவை வந்து பாருங்கள், உங்களைப் பற்றி அடிக்கடி பேசுவார் என்றாள். வருகிறேன் என்றேன். ஐம்பத்தைந்து வயதில் செய்தது ஒரு தவறு என்றால், எழுபத்து நாலு வயதில், கேட்கத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு செய்தது அதைவிடக் கீழானது. முதலாவதற்கு நான் ஏதேதோ காரணம் சொல்லியிருக்கிறேன். இதற்கு எதுவும் இல்லை.

அவள் வந்துபோன எட்டாம் நாள் காலையில் ஜெபா போய்விட்டான். நான் அவனைப் பார்க்கப் போயிருக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தேன். இதை உனக்குத் தொலைபேசியில் சொல்லாததற்கும் மன்னித்துக்கொள். சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயந்தேன். அடக்கத்தில் பேண்டு வாசித்தது. இப்போது ஒன்பது பேர்தான். முதல் கிளாரினெட் நாற்காலி என்று ஒன்று இல்லை. கூட்டத்தோடு நடந்தேன். தனராஜ் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். "நம்ம பசங்கள்ல கரெக்டா எண்ணத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான் சார்" என்றார். பிறகு, "அன்னிக்கு ஒரு நாள்தான் இன்னா ஆச்சோ" என்றார். நான் குழிவரை அவரோடு நடந்தேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஊரப்பாக்கம் போனேன். ரூபி ஆக்சிஜன் இயந்திரத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்லித் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். முடிக்கும்வரை நின்றேன். பிறகு சொன்னேன், நின்றுகொண்டே. இதுவரை உனக்கு எழுதியதை எல்லாம், இதே வரிசையில்.  முடித்ததும், அந்தத் தாள் இருக்கிறதா என்று கேட்டாள். கொண்டுபோயிருந்தேன். கொடுத்தேன். அவளுக்கு இசைக்குறி படிக்கத் தெரியும். மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்து, அந்த ஒன்பது பாரில் நின்றாள். "உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு சார்" என்றாள். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. நான் மகனுக்கு எழுதிவிடுகிறேன் அம்மா என்றேன். "அவருக்கு மட்டுமா?" என்றாள். நடைகூடத்தில் நின்ற பதினாலு பேரில் ஆறு பேர் இன்னும் இங்கே இருக்கிறார்கள். மண்டபத்தில் கைதட்டியவர்கள் பலர் இருக்கிறார்கள். அதனால்தான் இது இதழிலும் வருகிறது. தாளைத் திருப்பிக் கொடுக்கட்டுமா என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது இனி அவளிடம் இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தின் முதல் படியை நேற்று ஆராதனை முடிந்து மண்டபத்து பெஞ்சில் அவளிடம் கொடுத்தேன். அவளுடைய அப்பாவைப் பற்றியது, அவள் படிக்காமல் அனுப்பக்கூடாது என்று தோன்றியது. கேட்டுவிட்டு எழுதுவது என்பதை இந்த வயதில் ஒரு முறையாவது செய்து பார்த்தேன். இரண்டு பிழை திருத்தினாள். ஜெபா பட்டறையில் என்ன வேலை செய்தான் என்பது ஒன்று. மற்றது, நடைகூடத்தில் அவன் ஏன் பேசாமல் தாளைக் கொடுத்தான் என்பது. என்மேல் வைத்திருந்த மரியாதையால் அவன் காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவு பெரிய மனசு என்று எழுதியிருந்தேன். பத்தொன்பது ஆண்டுகளாக நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லப்போனால் அந்த நினைப்பில்தான் காலத்தை ஓட்டியிருக்கிறேன். அவள் அந்த வரியில் விரலை வைத்தாள்.

"இது மரியாத இல்ல சார். அம்மா இப்பதான் சொன்னாங்க, அவங்ககிட்ட அப்பவே சொல்லியிருக்காரு. கிளாரினெட்டு சர்ச்சோடது. வாத்தியம் வைக்கிற பீரோ சாவி உங்ககிட்ட. நீங்க மறுநாள் சாவியக் குடுக்கலன்னா, அவருக்கு ஊதறதுக்கு ஒண்ணுமே இல்ல. பயந்துட்டாரு சார்."

அவனிடமிருந்து வாத்தியத்தைப் பிடுங்கும் எண்ணம் எனக்குக் கனவிலும் வந்ததில்லை. அதை அவளிடம் சொல்லத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன். அது அவனுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அந்த நடைகூடத்தில் பயந்துகொண்டு நின்றவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். என்னைப் பார்த்துப் பயப்பட இந்த உலகத்தில் ஒருவன் இருந்திருக்கிறான் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது. உன் கையிலும் இன்று யாருக்கோ வேண்டிய சாவி ஒன்று இருக்கும். இருப்பது உனக்குத் தெரியாமலே இருக்கலாம். அந்த வரியை அடித்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

அந்தப் பத்தியை எடுத்துவிடு என்று தொடக்கத்தில் கேட்டிருந்தேன். ரூபி அது போதாது என்கிறாள். எடுத்துவிட்டால், ஏற்கெனவே படித்தவர்களுக்கு அவளுடைய அப்பா அப்படியேதான் இருப்பார் என்கிறாள். அவள் சொல்வது சரி. அந்த இடத்தில் என்ன போட வேண்டும் என்று அவளே மூன்று வரி எழுதிக் கொடுத்திருக்கிறாள். இதோடு வைத்திருக்கிறேன். முதல் வரியில் ஜெபசீலன் முழுப் பெயரோடு இருக்கிறான், தாளில் இருந்ததை வாசித்தான் என்று. இரண்டாவது வரி என்னைப் பற்றியது. மூன்றாவது வரி நீ அவனிடம் சொன்ன சொல்லைப் பற்றியது. அதைப் போடுவதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய். அவற்றில் நான் ஒரு புள்ளிகூட மாற்றவில்லை.

அப்பா